ஹாங்காங்கில் கண்ட வித்தைப் பரீட்சை

சீன தேசத்துச் சண்டை வித்தைகளைப் பற்றி நம்மவர்கள் கொண்டுள்ள எண்ணமெல்லாம் பெரும்பாலும் திரைப்படத்தின் வழியாக வந்தது. வித்தைக்கூடம் ஒன்றின் கதவை உதைத்துத் திறந்துகொண்டு அந்நியன் ஒருவன் பிரவேசிப்பதும், அதன் பெயர்ப்பலகையைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதிப்பதும், ஆசிரியரும் சிஷ்யர்களும் அவன்மேல் பாய, மேஜை நாற்காலிகளெல்லாம் பொடியாவதும் வெள்ளித்திரையில் விறுவிறுப்பான காட்சிகளே; அத்தகைய சம்பவங்கள் அடியோடு நடந்ததில்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் வாலிபப் பருவத்தில் ஹாங்காங் நகரில் உத்தியோகம் பார்த்துவந்த காலத்தில், அந்த வித்தையையே ஜீவனமாகக் கொண்ட மனிதர்களோடு நெருங்கிப் பழகும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. சவாலை அவர்கள் எப்படி விடுத்தார்கள், எப்படி ஏற்றார்கள், வெற்றியை எங்கே மறைத்தார்கள், தோல்வியை எவ்விதம் தாங்கினார்கள் என்பதையெல்லாம் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், அந்த ஞாபகங்களை எழுதி வைக்க விரும்புகிறேன். நான் பழகிய கூடங்களில் பல இன்று இல்லை.

1949-ஆம் ஆண்டில் சீனாவில் ஆட்சி மாறியதைத் தொடர்ந்து, கான்டனிலிருந்தும் ஃபோஷானிலிருந்தும் ஷாங்காயிலிருந்தும் அலையலையாக வந்து சேர்ந்த அகதிகளால் அந்நகரம் திணறிக்கொண்டிருந்த காலம் அது. மலைச்சரிவுகளில் தகரத்தாலும் பலகையாலும் கட்டிய குடிசைகள் நாளுக்கு நாள் பெருகின; கௌலூன் பகுதியின் பழைய கட்டடங்களில் ஒரே அறையைப் பலகைத் தடுப்புக்களால் பிரித்துக்கொண்டு பல குடும்பங்கள் வசித்தன. வந்தவர்களுள் நூற்பாலை முதலாளிகள் இருந்தார்கள், சமையற்காரர்கள் இருந்தார்கள், நாடக நடிகர்கள் இருந்தார்கள். அவர்களோடு கலந்து, வேறு மூலதனம் எதுவுமின்றித் தேகத்தில் ஊறிய வித்தை ஒன்றை மட்டும் சுமந்துகொண்டு வந்த குங்ஃபூ ஆசிரியர்களும் இருந்தார்கள். ஃபோஷானில் வசதியான குடும்பத்தில் பிறந்த இப் மான் என்பவர் இவ்வாறு வந்து, 1950-இல் ஷாம் ஷுய் போ வட்டாரத்தின் தாய் நாம் தெருவில், உணவு விடுதித் தொழிலாளர் சங்கத்துக்குச் சொந்தமான இடத்தில் விங் சுன் முறையைக் கற்பிக்கத் தொடங்கினார் என்பதை இன்று உலகம் அறியும். அன்று அவர் பலருள் ஒருவர். தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று தூரத்திலிருந்து கேள்விப்பட்டு மட்டுமே வந்த வித்தை வம்சங்கள், இப்போது ஒரே தெருவில், சில சமயம் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு மாடிகளில், அண்டை வீட்டாராக வாழ நேர்ந்தது. அந்த நெருக்கத்தில், அடுத்தவர் கை எத்தகையது என்று அறிந்துகொள்ளும் ஆவல் ஒவ்வொரு கூடத்திலும் எழுந்ததில் வியப்பில்லை.

நான் சிந்தி வர்த்தகர் ஒருவருடைய துணி ஏற்றுமதி ஸ்தாபனத்தில் கணக்கனாக இருந்தேன். மழைக்காலத்தில் படிக்கட்டில் வழுக்கி என் கணுக்கால் பிசகியபோது, எங்கள் காசாளராகிய சீன நண்பர் என்னை ஷாம் ஷுய் போவில் இருந்த எலும்பு வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். நம் கன்னியாகுமரிப் பகுதியில் வர்ம ஆசான் எவ்வாறு அடிக்கவும் அடித்த இடத்தை ஆற்றவும் அறிந்தவராக இருக்கிறாரோ, அவ்வாறே தென்சீனத்துக் குங்ஃபூ ஆசிரியர்களும் பெரும்பாலும் எலும்பு வைத்தியர்களாகவே இருந்தார்கள். பிசகிய மூட்டைப் பொருத்துவது, அரிசி மதுவில் மூலிகைகளை மாதக்கணக்கில் ஊறவைத்த தைலத்தைத் தேய்ப்பது, கனிந்த பச்சிலைக் களிம்பை வைத்துக் கட்டுவது ஆகியவையே பலருக்குப் பிரதான வருமானம். அந்தப் பெரியவர் என் கணுக்காலைப் பிடித்துப் பார்த்த மாத்திரத்தில், அவர் விரல்களுக்குக் கண் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று.

கால் குணமான பிறகும் அங்கே போய்வரும் வழக்கம் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. அரசாங்க அலுவல்களெல்லாம் ஆங்கிலத்தில் நடந்த அந்நகரில், மின்சாரக் கட்டணம் பற்றிய முறையீடானாலும், புத்தாண்டில் சிங்க நடனம் ஆடிச் செல்லப் போலீஸ் இலாகாவிடம் அனுமதி கோரும் விண்ணப்பமானாலும், ஆங்கிலம் அறிந்த ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார். நான் எழுதிக் கொடுத்தேன். அவர் தேநீர் கொடுத்தார். நாளடைவில் எனக்குக் கான்டன் பாஷையும் ஓரளவு பிடிபட்டது. அந்நியனாகிய நான் அவருடைய சிஷ்யன் என்று சொல்லிக்கொள்ள உரிமையற்றவன். ஆரம்பப் பாடங்கள் சிலவற்றை அவர் அன்போடு எனக்குக் கற்பித்தார் என்பது உண்மை. ஆயினும் கூடத்தின் மூலையில் இருந்த சிறிய எழுதுமேஜையே எனக்கு உரிய இடமாக இருந்தது. அந்த இடத்திலிருந்து நான் கண்டவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

பெரியவர் பயின்றது ஹுங் குயின் என்னும் தென்னாட்டு முறை. 1920-களில் காலமான வோங் ஃபே ஹுங் என்ற கான்டன் வீரரின் பெயரால் அது பிரசித்தி பெற்றது. 1949 முதல் குவான் தக் ஹிங் என்னும் நடிகர் அவ்வீரராக வேடமேற்று நடித்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தமையால், அந்தப் பெயரை அறியாத சிறுவனே நகரில் இல்லை. பகலில் வைத்தியசாலையாக இருக்கும் அறை மாலையில் வித்தைக்கூடமாக மாறும். நோயாளிகளுக்கான பெஞ்சியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, குவான் குங் தெய்வத்தின் முன் ஊதுபத்தி ஏற்றிய பின், சிஷ்யர்கள் குதிரைமேல் அமர்ந்திருப்பதுபோல் தொடைகளை அகட்டித் தாழ்ந்து நிற்பார்கள். அந்த நிலைக்குக் குதிரை என்றே பெயர். ஊதுபத்தி எரிந்து முடியும்வரை நிற்க வேண்டும். பெரியவர் பேச்சோடு பேச்சாக வந்து ஒருவனது இடுப்பில் உள்ளங்கையை வைத்துச் சிறிது அழுத்துவார். நிற்பவன் நின்றால் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவனிடம் போவார், பாதம் நகர்ந்தால் மறுநாளும் அவனுக்கு அதே பாடம். பிறகு இருவர் இருவராக எதிரெதிரே நின்று முன்கைகளை மூன்று கோணங்களில் மோதிக்கொள்வார்கள். அந்த ஓசை தெருவரை கேட்கும். ஆகவே, வெளியார் வந்து சவால் விடுவதற்கு எவ்வளவோ முன்பே, ஒவ்வொரு சிஷ்யனும் நாள்தோறும் பரீட்சிக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தான். இந்த அன்றாடப் பரீட்சையைத் திரைப்படங்கள் காட்டுவதில்லை.

வெளியாரின் பரீட்சைக்கு வருவோம். ஓர் ஆசிரியரின் கீர்த்தி குறைந்தால் சிஷ்யர்கள் மட்டுமல்ல, எலும்பு முறிந்தவர்களும் வேறு கதவைத் தட்டப் போய்விடுவார்கள். தோற்றவனுடைய கட்டு நிற்காது என்ற நம்பிக்கை ஜனங்களிடம் இருந்தது. ஆதலால் ஒரு சவால் என்பது இருவருடைய மானத்தை மட்டும் அல்லாமல் ஒரு குடும்பத்தின் அடுப்பையும் தொட்ட விஷயம். அந்தப் பொறுப்பை உணர்ந்தே அக்காலத்துப் பெரியவர்கள் அதற்கு ஒரு சம்பிரதாயத்தை அமைத்திருந்தார்கள். வருபவர் தம் ஊரையும் தம் ஆசிரியரின் பெயரையும் சொல்வார்; தேநீர் வரும்; இருவருக்கும் பொதுவான பரிசயக்காரர்களைப் பற்றிய பேச்சு நடக்கும்; அதன் பிறகே, தங்களிடம் ஒன்றிரண்டு கை கற்றுக்கொள்ள வந்தேன் என்ற பணிவான வாக்கியம் வெளிவரும். வீட்டுக்காரர் மறுக்க விரும்பினால், உடல்நலம் சரியில்லை என்று சொல்லி இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றலாம். வந்தவர் அதைக் குடித்துவிட்டு மரியாதையோடு விடைபெற வேண்டும். சம்மதித்தாலோ, வாயிலின் இரும்பு மடக்குக் கதவு இழுத்துச் சாத்தப்படும். இளைய சிஷ்யர்கள் வெளியே அனுப்பப்படுவார்கள். மூத்த சிஷ்யர் ஒருவர் மட்டும் சாட்சியாக நிற்பார். அப்புறம் நடப்பது பெரும்பாலும் சண்டையே அல்ல. இருவரும் முன்கையோடு முன்கை பொருத்தி நிற்பார்கள். அந்தத் தொடர்பைப் பாலம் என்பார்கள். அந்தப் பாலத்தின் வழியே எதிராளியின் பலமும் வேரூன்றலும் அவசரமும் பயமும் தெரிந்துவிடும். அடி உடம்பைத் தொடும் தூரத்தில் நிறுத்தப்படும். நிறுத்தியவருக்கும் நிறுத்தப்பட்டவருக்கும் மட்டுமே விஷயம் விளங்கும்.

நான் கண்டவற்றுள் ஒன்றை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், துறைமுகத்தில் மூட்டை இறக்குவோருக்கு மேஸ்திரியாக இருந்த ஹக்கா இனத்து முதியவர் ஒருவர், ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். குள்ளமான, முன்புறம் சற்றே குனிந்த தேகம். வாயில் பற்கள் குறைவு. அவர் பயின்றது தென்னாட்டுக் கும்பிடுபூச்சி முறை என்று பேச்சிலிருந்து தெரிந்தது. விரிந்த வீச்சுக்களும் தாழ்ந்த நிலைகளும் இல்லாமல், முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே முழு பலத்தையும் வெளியிடும் முறை அது; ஹக்கா தொழிலாளர்களிடையே அதிகம் வழங்கிவந்தது. தேநீர்ச் சம்பிரதாயமெல்லாம் முடிந்த பின் கதவு சாத்தப்பட்டது. நான் எழுந்தபோது பெரியவர் என்னை உட்காரும்படி கையமர்த்தினார். விண்ணப்பம் இன்னும் பாதியில் இருந்தது.

அவர்கள் கை பொருத்தி நின்றார்கள். மழையின் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. முதலில் எதுவும் நடக்காததுபோல் இருந்தது. பிறகு எங்கள் பெரியவருடைய பின்னங்கால் அரை அடி நகர்ந்ததைக் கண்டேன். மலையைப்போல் அசையாதவர் என்று நான் எண்ணியிருந்த மனிதரின் கால் நகர்ந்தது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. சாட்சியாக நின்ற மூத்த சிஷ்யரின் முகம் வெளுத்துவிட்டது. மீண்டும் தொடங்கினார்கள், மீண்டும் அதே கால் நகர்ந்தது. மூன்றாம் முறை முதியவரின் தோள்பட்டை லேசாகச் சிலிர்த்ததுபோல் தெரிந்தது, அவ்வளவுதான். எங்கள் பெரியவரின் முதுகு மருந்து அலமாரியில் போய் மோத, தைல ஜாடிகள் கிணுகிணுத்தன. முதியவர் உடனே கையை விலக்கி, ஒரு கையின் முஷ்டியை மறு உள்ளங்கையில் வைத்து வணங்கி, தொந்தரவு கொடுத்துவிட்டேன் என்றார்.

பெரியவர் சிறிது நேரம் தம் முன்கையைத் தடவியவாறு நின்றார். பிறகு முகமெல்லாம் மலர, "இன்னொரு முறை காட்டுங்கள். எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை" என்று கேட்டார். வயதில் தமக்குச் சமமான ஒருவரிடம், சிஷ்யன் ஒருவனும் அந்நியன் ஒருவனும் பார்த்துக்கொண்டிருக்கையில், அப்படிக் கேட்பதற்கு எத்தனை பெரிய மனம் வேண்டும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். முதியவரைத் தம் சொந்த ஆசனத்தில் உட்காரவைத்து, தம் கையாலேயே தேநீர் ஊற்றி இரு கைகளாலும் நீட்டினார்.

அவர் போன பிறகு மூத்த சிஷ்யர் தயங்கித் தயங்கி, "சிஃபூ, இது வெளியே தெரிந்தால் நமக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"அவர் சொல்லமாட்டார். நீயும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்" என்றார் பெரியவர். அப்படியே மறுநாள் மாலை சிஷ்யர்கள் அனைவரையும் நிறுத்திவைத்து, நேற்று வந்தவர் தம்மை மூன்று முறை நகர்த்தினார் என்றும், குறுகிய தூரத்துப் பலத்தில் அவர் தம்மைவிட மேலானவர் என்றும் நேராகச் சொன்னார். மூத்த சிஷ்யரையும் இன்னொருவரையும் வாரந்தோறும் அந்த முதியவரிடம் அனுப்பினார். பதிலுக்கு முதியவரின் சகோதரன் மகன் எங்கள் கூடத்துக்கு வந்து நீண்ட கம்பு வித்தை கற்றான். யாரும் சிஷ்யர் கூட்டத்தை விட்டு விலகவில்லை. அலமாரியருகே நடந்த அந்தச் சிறு நிகழ்ச்சியின் பயனாக இரு கூடங்களும் வளர்ந்தன என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இளைஞர்களின் பரீட்சை வேறு மாதிரியானது. அவர்களுக்கு மொட்டைமாடிகளே ரணகளம். விங் சுன் கூடத்துப் பையன்களும் மற்றக் கூடத்துப் பையன்களும் வாய்வார்த்தையாகவோ தூதன் மூலமாகவோ நாள் குறித்துக்கொண்டு, கட்டடங்களின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிகளுக்கும் துணி உலர்த்தும் மூங்கில்களுக்கும் இடையே சந்திப்பார்கள். போலீஸ் வருகிறதா என்று பார்க்கப் படிக்கட்டில் ஒருவன் நிற்பான். இப் மானின் சிஷ்யராகிய வோங் ஷுன் லியுங் இத்தகைய மோதல்களில் பெற்ற வெற்றிகளால் நகரெங்கும் பெயர் பெற்றிருந்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற புரூஸ் லீ, 1959-இல் அமெரிக்கா செல்லும் முன், அவருடைய இளைய சகசிஷ்யராக அந்த வட்டத்தில் இருந்த வாலிபர். நான் காசாளரோடு சென்று பார்த்த மோதலில் பிரபலமானவர் எவரும் இல்லை. திரைப்படத்தின் அழகு எதுவும் அதில் இல்லை. இரண்டு பையன்கள் பயத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, கற்ற நிலைகளையெல்லாம் பாதி மறந்து, ஒருவர் சட்டையை ஒருவர் பற்றிக்கொண்டு தொட்டியின் சுவரில் மோதினார்கள். கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஒருவனுக்கு முன்பல் போயிற்று. அவனுக்கும், அவனை அடித்துக் கைமூட்டு பிசகியவனுக்கும் ஒரே இரவில் எங்கள் பெரியவர்தான் வைத்தியம் செய்தார்; எந்தக் கூடத்தான் என்று அவர் கேட்பதே இல்லை.

இந்த மாடிச் சண்டைகளைப் புகழ எனக்கு மனமில்லை. நல்ல பிள்ளைகளின் பற்களும் விரல்களும் அவற்றில் வீணாயின. சில சண்டைகளின் பின்னால் தீய சங்கங்களின் தூண்டுதலும் இருந்தது. ஆயினும், தம் கை ஒருவனையும் தொட்டறியாமலே ஆண்டுக்கணக்கில் அழகழகான ஆட்டங்களைப் பயின்று, தம் வித்தை பிரயோகத்துக்கு ஆகாத அளவு பயங்கரமானது என்று சொல்லிக்கொண்டு திரிந்த சில ஆசிரியர்களைக் காட்டிலும், மாடியிலிருந்து உதடு கிழிந்து இறங்கிவந்த அந்தப் பையன்கள் தங்கள் வித்தையைப் பற்றி உண்மையாக அறிந்திருந்தார்கள். பெரியவரும் அவர்களைத் திட்டுவார். ஆனால் கட்டுப் போடும்போது, எந்தக் கை உன்மேல் பட்டது, அப்போது உன் கால் எங்கே இருந்தது என்று விசாரிக்கத் தவறமாட்டார்.

பரீட்சையைப் பகிரங்கமாக நடத்திப் பார்க்கும் முயற்சிகளும் சீனாவில் நடந்ததுண்டு. 1928-இல் நான்கிங்கில் சாங் சிச்சியாங் என்பவரின் தலைமையில் மத்திய தேசிய வித்தைக் கழகம் நிறுவப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் நாடு தழுவிய பரீட்சையும் நடந்தது. பல மாகாணத்து வீரர்கள் அதிகப் பாதுகாப்பின்றி மோதியதில் காயங்கள் பெருகவே, இறுதிச் சுற்றுக்களைக் கைவிட்டு, மிஞ்சியவர்களை ஒரே தரத்தினராக அறிவித்தார்கள். மறு ஆண்டு, அந்த வட்டத்திலிருந்து ஐந்து வடநாட்டு ஆசிரியர்கள் கான்டனுக்கு வந்து வித்தை பரப்பியபோது, எங்கள் பெரியவர் அங்கே இளைஞர். அடுக்கிவைத்த செங்கற்களை ஓர் உள்ளங்கை அடியால் பிளந்து புகைப்படத்தால் பிரசித்தி பெற்ற கூ ருசாங் அவர்களுள் ஒருவர். அவர்களைக் காணத் தென்னாட்டார் கூட்டம் கூட்டமாகப் போனதையும், ஆவலோடு போனவர்கள் பாதி, குறை காணப் போனவர்கள் பாதி என்பதையும் பெரியவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் என் கண்முன் நடந்த பகிரங்கப் பரீட்சை ஒன்றே ஒன்று; அது 1954-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி மக்காவ் நகரில் நடந்தது. தாய்ச்சி முறையில் வூ வம்சத்தின் தலைவராக ஹாங்காங்கில் விளங்கிய வூ குங் யீக்கும், வெண்கொக்கு முறையைச் சேர்ந்த சான் ஹக் ஃபூவுக்கும் இடையே எழுந்த அபிப்பிராய பேதம், தேநீரின்மேல் தீர்வதற்குப் பதிலாகப் பத்திரிகைகளின் பத்திகளில் ஏறிவிட்டது. ஒருவர் விடுத்த அறிக்கைக்கு மற்றவர் தரப்பு பதில் எழுத, அதற்கு மறுபதில் வர, பின்வாங்குவதற்கு இருவருக்குமே வழியில்லாமற் போயிற்று. பிரிட்டிஷ் சட்டத்தின் கீழ் ஹாங்காங்கில் அத்தகைய போட்டிக்கு இடமில்லாமையால், போர்த்துகீசியர் ஆட்சியிலிருந்த மக்காவில் மேடை போட்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன், 1953-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், ஷெக் கிப் மேய் குடிசைப் பகுதியில் மூண்ட தீ ஏறத்தாழ 53,000 பேரை ஓர் இரவில் வீடற்றவர்களாக்கியிருந்தது. எங்கள் பெரியவரின் சிஷ்யர்களிலேயே சிலர் பாயும் பானையும் இழந்து தெருவோரம் படுத்திருந்தார்கள். போட்டியின் வருமானம் அத்தீயால் நொந்தவர்களுக்குப் போகும் என்று அறிவித்தபோது, அதைக் கண்டிக்க நினைத்தவர்களின் வாயும் அடைபட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கப்பல் கொள்ளாத கூட்டம். வழியெல்லாம் தாய்ச்சிக்காரர்களும் வெண்கொக்குக்காரர்களும், இரண்டிலும் சேராமல் பந்தயம் கட்டவந்தவர்களும் உரக்க வாதாடிக்கொண்டிருக்க, பெரியவர் மட்டும் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மக்காவின் பிரபல வர்த்தகர் ஹோ யின் நடுவர் குழுவுக்குத் தலைமை வகித்தார். வூ ஐம்பதைக் கடந்தவர்; சான் அவரைவிட மிகவும் இளையவர், மேல்நாட்டுக் குத்துச்சண்டையும் பழகியவர். மணி அடித்ததும் மேடையில் நிகழ்ந்ததைத் தாய்ச்சி என்றோ வெண்கொக்கு என்றோ பெயரிட்டுப் பிரிக்க என்னால் இயலவில்லை. வீசிய கைகள், விலகிய தலைகள், கயிற்றின்மேல் சாய்ந்த உடல்கள்; சானின் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. இரண்டாம் சுற்றிலேயே மணி அடித்து நிறுத்தினார்கள். நடுவர்கள் கூடிப் பேசி அளித்த தீர்ப்பு விசித்திரமானது: வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமநிலையும் இல்லை.

கூட்டத்தில் பலர் ஏமாற்றத்தால் கூச்சலிட்டார்கள். திரும்பும் கப்பலில் நான் பெரியவரிடம் அந்தத் தீர்ப்பைப் பற்றிக் கேட்டேன். "அவர்கள் இருவரில் யார் தோற்றாலும் நூறு குடும்பம் தோற்கும். நடுவர்களுக்கு அது தெரியும்" என்றார். பிறகு வெகுநேரம் கழித்து, "என்னை அந்த ஹக்காக்காரர் அந்த மேடையில் நகர்த்தியிருந்தால் நான் அவரிடம் இன்னொரு முறை காட்டச் சொல்லியிருக்க முடியுமா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை; அதுவே என் சிந்தனையில் இன்றுவரை இருந்துவருகிறது. அடைத்த அறையில் ஒரு மனிதர் தோற்கலாம். தோற்று, கேட்டு, கற்று, தம் சிஷ்யர்களுக்கும் அந்தக் கல்வியைக் கொடுக்கலாம். ஆயிரக்கணக்கான கண்களின் எதிரே தோற்பதற்கு ஒருவருக்கும் சுதந்தரம் இல்லை. தோற்க இயலாத இடத்தில் வித்தை பரீட்சிக்கப்படுவதில்லை, மானம்தான் பரீட்சிக்கப்படுகிறது என்ற முடிவுக்கு நான் வந்தேன்.

அந்தப் போட்டியால் பயனடைந்தது வித்தையைவிடக் கதையே. நியூ ஈவினிங் போஸ்ட் என்ற சீன மாலைப் பத்திரிகை, ஜனங்களின் பரபரப்பைக் கண்டு, மூன்றே நாட்களில் லியாங் யூ ஷெங் என்ற இளம் எழுத்தாளரைக் கொண்டு ஒரு வீரக் கதையைத் தொடராக வெளியிடத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு அதே பத்திரிகையில் ஜின் யோங்கும் எழுதலானார். சீன மொழி வழங்கும் இடமெல்லாம் இன்று படிக்கப்படும் புதிய வீரக்கதை இலக்கியம் இவ்வாறு பிறந்தது. எங்கள் காசாளர் காலையில் கணக்குப் புத்தகத்தைத் திறக்குமுன் முதல்நாள் பத்திரிகையைத்தான் திறப்பார்.

அடைத்த கதவுக்கும் ஒரு தீமை உண்டு என்பதை நான் மறைக்கலாகாது. பொதுச் சாட்சி இல்லாத இடத்தில் பொய்யும் செழிக்கும். 1964-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் புரூஸ் லீயும் வோங் ஜாக் மான் என்பவரும் மிகச் சிலர் முன்னிலையில் மோதிக்கொண்டார்கள். மூன்று நிமிஷத்தில் முடிந்தது என்று ஒரு தரப்பும், இருபது நிமிஷத்துக்கு மேல் நீடித்தது என்று மற்றத் தரப்பும் கூறின; கடைசியில் வோங், சான் பிரான்சிஸ்கோவின் சீனப் பத்திரிகை ஒன்றில் பகிரங்கப் போட்டிக்கு அழைப்பு விடுத்தார். அப்போட்டி நடக்கவே இல்லை. ஹாங்காங்கிலும், யாரும் பார்த்திராத வெற்றிகளைச் சொல்லிச் சொல்லியே பெரிய மனிதரானவர்களை நான் அறிவேன். இதற்கு எங்கள் பெரியவர் கைக்கொண்ட உபாயம் எளிது. புதிதாக ஒருவர் தம் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேசினால், யாரோடு கை பொருத்தினீர்கள் என்று மட்டும் கேட்பார். பெயர் கிடைத்ததும் அந்தப் பெயருடையவரிடம் ஆள் அனுப்பி விசாரிப்பார். வென்றதாகச் சொல்பவரைப் பற்றி வெல்லப்பட்டவர் நல்ல வார்த்தை சொன்னால், மறுநாளே தேநீருக்கு அழைப்பார்.

மக்காவ் போட்டியின் படச்சுருள் இன்றும் இருக்கிறது. புரூஸ் லீயின் படங்களில் மனத்தைப் பறிகொடுத்த நம் வாலிபர்கள் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா தாய்ச்சியும் வெண்கொக்கும், பள்ளிப் பிள்ளைகள் அடித்துக்கொள்வதுபோல் இருக்கிறதே என்று சிரித்ததை நான் நேரில் கேட்டேன். அவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். மேடையேறிய இருவரும் தங்கள் தங்கள் வம்சத்தின் பெயரை முழுவதும் இழந்துவிடக்கூடிய நிலையில் இருந்தவர்கள். வீட்டிலேயே இருந்திருந்தால் எதையும் இழந்திருக்கமாட்டார்கள். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், தம் மகனுக்குரிய பலமுள்ள ஒருவர் முன் முகத்தைக் காட்டி நின்றார். மற்றவர் இரத்தம் வழிய வழிய நின்றார். வசூலான பணம் கூரை இழந்தவர்களுக்குப் போயிற்று. அந்தப் படத்தைப் பார்க்க நேரும் அன்பர்கள், இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு, சிரிக்காமல் ஒரு முறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.